கர்ப்பத்தில் பிரஷர் ஏற உடம்பின் எதிர்ப்புச் செல்கள் எப்படிக் காரணமாகின்றன?

கேள்வி இதுதான்: "கர்ப்பத்தில் பிரஷர் ஏறுவதற்கு எதிர்ப்புச் சக்திதான் காரணம் என்கிறார்களே, தாயின் வெள்ளையணுக்கள் குழந்தையை அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றனவா? அப்படியானால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் போதாதா? என்.கே. செல் டெஸ்ட் எடுக்கலாமா?"

பாதி சரி, பாதி தப்பு. எதிர்ப்புச் செல்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் "தாக்குகின்றன" என்ற ஒரே சொல்லில் அது அடங்காது. முதல் நாலைந்து மாதங்களில் கர்ப்பப்பைக்குள் இருக்கும் செல்கள் செய்ய வேண்டிய வேலையை அரைகுறையாக விட்டுவிடுகின்றன. ஆறேழு மாதத்துக்கு மேல், ரத்தத்தில் ஓடும் செல்கள் தேவைக்கு அதிகமாகக் கொதிக்கின்றன. முன்னதில் குறை, பின்னதில் மிகை. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தானாக வந்துவிடும்.

முதலில் எந்த பிரஷரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். கர்ப்பத்துக்கு முன்பே இருந்த பிரஷர் வேறு கதை. இங்கே பேசுவது 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக வருவது. நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால ரத்த அழுத்தம். அதோடு சிறுநீரில் 24 மணி நேரத்தில் 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் புரதம் போனாலோ, புரதம் போகாவிட்டாலும் தட்டணு (பிளேட்லெட்) ஒரு லட்சத்துக்குக் கீழ் இறங்குவது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1-ஐத் தாண்டுவது, கல்லீரல் என்சைம்கள் இரண்டு மடங்காவது, விடாத தலைவலி, கண்ணில் பொறி பறப்பது போன்றவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலோ அது பிரீ-எக்லாம்ப்சியா. வலிப்பும் வந்துவிட்டால் எக்லாம்ப்சியா. எதிர்ப்புச் செல்களின் பங்கு நன்றாக ஆராயப்பட்டிருப்பது பிரீ-எக்லாம்ப்சியாவில்தான்.

இந்த நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது, குழந்தையில் அல்ல. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் குழந்தையே உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்துப்போல வளரும். அதிலும் பிரீ-எக்லாம்ப்சியா வரும். நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் நோய் தணியத் தொடங்கும். ஆகவே எதிர்ப்புச் செல்களின் கதையும் தாயின் கர்ப்பப்பைச் சுவரும் நஞ்சுக்கொடியும் சந்திக்கும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கர்ப்பப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சின்னத் தமனிகள் இருக்கும். சாதாரண நாளில் அவற்றுக்குத் தசைச்சுவர் உண்டு, இறுகவும் தளரவும் செய்யும். கரு பதிந்த பிறகு நஞ்சுக்கொடியிலிருந்து சில செல்கள் கிளம்பி, தாயின் சுவருக்குள் வேர்போல இறங்கி, இந்தத் தமனிகளின் தசையைக் கரைத்து, வாயை அகலப்படுத்துகின்றன. வேலை ஒழுங்காக முடிந்தால் தமனியின் வாய் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை விரிந்து புனல்போல ஆகிவிடும். நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் பீய்ச்சியடிக்க வேண்டிய ரத்தம், நொடிக்கு 10 செ.மீ. அளவில் நிதானமாகப் பாயும். தோட்டத்துக் குழாயில் விரலை வைத்து அழுத்திப் பாய்ச்சுவதற்கும், விரலை எடுத்துவிட்டு வரப்பில் ஓடவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. பீய்ச்சியடித்தால் நஞ்சுக்கொடியின் மெல்லிய கிளைகள் அடிபடும், ஆக்சிஜன் வரத்தும் ஏறி இறங்கும். பிரீ-எக்லாம்ப்சியாவில் இந்த விரிவு மேல்படலத்தோடு நின்றுவிடுகிறது. தசைப்பகுதிக்குள் இருக்கும் தமனித் துண்டு குறுகலாகவே இருந்துவிடுகிறது. இதை ப்ரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் மூவரும் 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார்கள்.

நஞ்சுக்கொடிச் செல்கள் எவ்வளவு ஆழம் போகலாம் என்று விட்டுக்கொடுப்பதும் தடுப்பதும் யார்? அங்கேதான் என்.கே. செல்கள் வருகின்றன. முதல் மூன்று மாதத்தில் கர்ப்பப்பைப் படலத்தில் இருக்கும் வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இவைதான். "இயற்கைக் கொலையாளி" என்று பெயர் வைத்துவிட்டதால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்களில் பத்தில் ஒன்பது உண்மையிலேயே கொல்லும் வகை. கர்ப்பப்பையில் உள்ளவை வேறு வகை. அவை கொல்வது அபூர்வம். ரத்தக்குழாய் வளர்வதற்கும் திசுவைத் தளர்த்துவதற்கும் வேண்டிய சுரப்புகளை விடுவதே அவற்றின் தொழில். கொலையாளி என்பதைவிடக் கொத்தனார் என்றால் பொருந்தும்.

இந்தச் செல்கள் வேலை செய்யத் தூண்டப்பட வேண்டும். தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்பது மரபணு சம்பந்தப்பட்டது. நஞ்சுக்கொடிச் செல்கள் தங்கள் மேற்பரப்பில், சொந்தமா அந்நியமா என்று காட்டும் எச்.எல்.ஏ. அடையாளங்களில் சி, ஈ, ஜி என்ற மூன்றை மட்டும் காட்டும். உறுப்பு மாற்றத்தில் சண்டை மூட்டும் ஏ, பி இரண்டையும் காட்டாது. 1953-இல் பீட்டர் மெடவார் கேட்ட "பாதி அந்நியமான கருவை உடம்பு ஏன் தள்ளிவிடவில்லை?" என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களில் இதுவும் ஒன்று. மூன்றில் 'சி' மட்டும் ஆளுக்கு ஆள் மாறும், அப்பாவிடமிருந்தும் வரும். தாயின் என்.கே. செல்களில் அதைப் படிக்கும் ஏற்பிகள் உண்டு, அவற்றுக்கு கே.ஐ.ஆர். என்று பெயர். இவற்றில் அடக்குபவையும் உண்டு, தூண்டுபவையும் உண்டு. தாய்க்கு 'ஏஏ' எனப்படும் வகை அமைந்து, குழந்தைக்கு எச்.எல்.ஏ.-சி2 வந்துவிட்டால், அடக்கும் கை மட்டும் ஓங்கும். என்.கே. செல்கள் சோம்பிவிடும்; தமனி விரிவும் பாதியில் நிற்கும். கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபட்டின் குழு 2004-இல் இந்தச் சேர்க்கையில் பிரீ-எக்லாம்ப்சியா கூடுதலாக இருப்பதைக் காட்டியது. பிறகு உகாண்டாவில் செய்த ஆய்விலும் சி2 ஆபத்து உறுதியானது. ஆனால் காப்பாற்றும் ஏற்பி மட்டும் ஐரோப்பியரிடம் பார்த்தது அல்ல, வேறொன்று. ஓர் இனத்தில் கண்டதை அப்படியே இன்னோர் இனத்துக்கு ஒட்ட முடியாது என்பதற்கு நல்ல உதாரணம். சி2 மிகக் குறைவாக உள்ள ஜப்பானியரிடம் 'ஏஏ' வகை ஏராளம். அங்கே அது பெரிய தொல்லை தருவதில்லை.

கவனியுங்கள்: இங்கே நோய்க்குக் காரணம் எதிர்ப்புச் செல் மிஞ்சிப்போனது அல்ல, போதிய அளவு விழிக்காதது. "தாய் உடம்பு குழந்தையைத் தாக்குகிறது" என்ற விளக்கம் முதல் கட்டத்துக்கு நேர்மாறானது.

முதல் கட்டத்தில் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்கும் பங்கு உண்டு. அவற்றில் கட்டுப்படுத்தும் வகை ஒன்றை டி-ரெக் என்பார்கள். மற்ற செல்களை அமைதிப்படுத்துவதுதான் இவற்றின் வேலை. தந்தை வழி அடையாளங்களோடு முன்கூட்டியே பழக்கமான டி-ரெக் செல்கள் கரு பதியும்போது கர்ப்பப்பையில் குவிய வேண்டும். இந்தப் பழக்கம் விந்துத் திரவத்தின் மூலம் ஏற்படுகிறது. கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில் செய்து 1994-இல் வெளியான ஆய்வில், கருத்தரிக்கும் முன் தம்பதி சேர்ந்து வாழ்ந்த காலம் குறையக் குறைய ஆபத்து ஏறியது. முதல் கர்ப்பத்தில் அதிகம் வருவது, துணை மாறினால் ஆபத்து திரும்புவது, தானமாகப் பெற்ற கருமுட்டையில் பல மடங்கு கூடுவது என்று பல நடைமுறைக் கவனிப்புகள் இந்த ஒரே விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன. தான முட்டையில் கரு முழுக்கவே தாய்க்கு அந்நியம், பாதி அல்ல. துணை மாறும் விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல்: மறுமணத்தில் இரண்டு பிரசவங்களுக்கு இடையே வருடங்களும் கூடிவிடும்; நீண்ட இடைவெளியே தனி ஆபத்து. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இனி இரண்டாம் கட்டம். ரத்தவரத்து குறைந்த நஞ்சுக்கொடி திணறுகிறது. அதிலிருந்து உதிரும் செல் துணுக்குகளும் சுரப்புகளும் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றில் முக்கியமானது எஸ்-ஃப்ளிட்-1 என்ற புரதம். ரத்தக்குழாய் உட்சுவரை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை இது வழியிலேயே பிடித்து முடக்கிவிடும். 2003-இல் அனந்த் கருமாஞ்சியின் குழு இதை எலிகளுக்குக் கொடுத்து பிரஷரையும் சிறுநீர்ப் புரதத்தையும் வரவழைத்துக் காட்டியது.

இன்னொரு பக்கம், வெள்ளையணுக்கள் கொதிக்கத் தொடங்குகின்றன. சாதாரணக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே ரத்தத்தில் லேசான அழற்சி இருக்கும். பிரீ-எக்லாம்ப்சியா என்பது அதே அழற்சி கட்டுமீறிய நிலை என்று ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ் ரெட்மனும் சகாக்களும் 1999-இல் சொன்னார்கள். இதில் பங்கெடுக்கும் செல்கள் பல. டி-ரெக் குறைந்து, டி.எச்-17 என்ற சண்டைக்கார டி செல்கள் கூடுகின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல விடும் சுரப்புகளில், அமைதிப்படுத்தும் ஐ.எல்-10 இறங்குகிறது, அழற்சியைக் கூட்டும் டி.என்.எஃப்-ஆல்ஃபா, ஐ.எல்-6, ஐ.எல்-17 ஏறுகின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் தங்கள் டி.என்.ஏ.-வையே வலைபோல வீசி நஞ்சுக்கொடியின் இடைவெளிகளில் அடைப்பை உண்டாக்குகின்றன. விரியாத சுருள் தமனிகளின் சுவரில் கொழுப்பைத் தின்று உப்பிய மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் படிகின்றன. பார்ப்பதற்கு மாரடைப்புக்காரரின் இதயத் தமனிபோலவே இருக்கும்.

இவையெல்லாம் சேர்ந்து வருகின்றன என்பதாலேயே பிரஷருக்கு அவைதான் காரணம் என்று ஆகிவிடாது. காரணம் என்று காட்ட எலி ஆய்வுகள்தான் உதவின. கருவுற்ற எலிக்கு 14-ஆம் நாள் (அதன் கர்ப்பமே மூன்று வாரம்தான்) வயிற்றுப் பெருந்தமனியில் 0.2 மி.மீ. இடைவெளி உள்ள வெள்ளி கிளிப்பும், இரண்டு சினைப்பைத் தமனிகளில் 0.1 மி.மீ. கிளிப்பும் போடுவார்கள். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். ஐந்தாறு நாளில் பிரஷர் 20-30 மி.மீ. ஏறிவிடும். மிசிசிப்பியில் பபெட் லமார்காவின் குழு இப்படிப்பட்ட எலியிலிருந்து சி.டி.4 என்ற உதவி வகை டி செல்களை எடுத்து, கிளிப் போடாத ஆரோக்கியமான கர்ப்ப எலிக்குச் செலுத்தியது. அந்த எலிக்கும் பிரஷர் ஏறியது, டி.என்.எஃப், எஸ்-ஃப்ளிட்-1 இரண்டும் கூடின. சாதாரண கர்ப்ப எலியின் டி செல்களைக் கொடுத்தபோது ஏறவில்லை. டி.என்.எஃப்-ஐ முடக்கும் எட்டனர்செப்ட், ஆன்டிபாடி செய்யும் பி செல்களைக் குறைக்கும் ரிடுக்சிமாப் இரண்டும் கிளிப் போட்ட எலிகளின் பிரஷரை இறக்கின.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிளிப் போடும்போது நஞ்சுக்கொடி ஏற்கெனவே உருவாகி முடிந்துவிட்டது. ஆகவே இந்த மாதிரி இரண்டாம் கட்டத்தைப் பற்றி மட்டுமே பேசும். எலியில் பிரஷர் இறங்கியதை வைத்து, ஐந்தாவது மாதத்துப் பெண்ணுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தால் நோய் வராது என்று தாவிவிடக் கூடாது.

பி செல்களின் பங்கு தனியாகச் சொல்லத் தக்கது. ஆஞ்சியோடென்சின்-2 என்ற சுரப்பு ரத்தக்குழாயை இறுக்கும். ஒழுங்கான கர்ப்பத்தில் உடம்பு இதற்கு மரத்துப்போகும். அதே அளவு பிரஷரை ஏற்ற அதிக டோஸ் வேண்டும். பின்னால் நோய் வரப்போகும் பெண்களிடம் இந்த மரப்பு பல வாரங்களுக்கு முன்பே போய்விடுகிறது என்பது 1973-இலேயே டல்லாஸில் கண்டறியப்பட்டது. ஏன் என்பதற்கு ஒரு பதில் 1999-இல் பெர்லினிலிருந்து வந்தது. வல்லுக்காட்டின் குழு, பிரீ-எக்லாம்ப்சியா பெண்களின் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் ஏற்பியைப் போய்ப் பிடித்து அதை 'ஆன்' செய்யும் ஆன்டிபாடியைக் கண்டது. ஆன்டிபாடி வழக்கமாகத் தடுக்கும். இது சாவி கொடுக்கிறது. உட்சுவரில் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, இறுக்கும் எண்டோதெலின் கூடுகிறது, குழாய் இறுகுகிறது, சிறுநீரக வடிகட்டி ஒழுகுகிறது. மீட்டரில் 150/100 காட்டும்போது நடந்துகொண்டிருப்பது இதுதான்.

சரி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கலாமா? வழக்கமான பிரீ-எக்லாம்ப்சியாவுக்கு அப்படியொரு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. முதல் கட்டத்தில் குறைத்தால், வேலை செய்ய வேண்டிய செல்களையே முடக்கும் அபாயம். இரண்டாம் கட்டத்தில் குறைத்தாலும் குறுகிய தமனி இனி விரியாது. நிறைமாதத்துக்கு முன்பே பிரசவம் ஆகக்கூடும் என்றால் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலுக்காக, தாயின் பிரஷருக்காக அல்ல. ரத்தச் சிவப்பணு சிதைந்து, கல்லீரல் என்சைம் ஏறி, தட்டணு குறையும் ஹெல்ப் (HELLP) நிலையில் ஸ்டீராய்டு தட்டணு எண்ணிக்கையை ஏற்றும். ஆனால் தாயின் உயிர் ஆபத்தைக் குறைப்பதாகத் தெளிவான சான்று இல்லை. விதிவிலக்கு, எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் அல்லது ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் முன்பே உள்ளவர்கள். லூபஸுக்குச் சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பம் தெரிந்ததும் பயந்து நிறுத்துவது பெரிய தவறு. தொடர வேண்டிய மருந்து அது. ஆன்டிபாஸ்போலிப்பிட் இருந்தால் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துத் தருவார்கள்.

என்.கே. டெஸ்டைப் பொறுத்தவரை என் கருத்து: பணத்தை மிச்சம் பிடியுங்கள். கையில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் இருப்பது வேறு வகை என்.கே.; கர்ப்பப்பைச் செல்கள் என்ன செய்கின்றன என்பதை அது காட்டாது. எண்ணிக்கை "அதிகம்" என்று காட்டி இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கரைசலை டிரிப்பாக ஏற்றுவதும், இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) ஊசி போடுவதும் பிரீ-எக்லாம்ப்சியாவைத் தடுப்பதாகச் சான்று இல்லை. 'இம்யூனிட்டி பூஸ்டர்' பொடிகளும் அதே வரிசைதான்.

உண்மையில் பலன் தருவது மிகச் சாதாரணமான மாத்திரை: ஆஸ்பிரின். 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களில் பாதிப் பேருக்கு 11-14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மி.கி. கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் பிரீ-எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. நிறைமாதத்தில் வருவது குறையவில்லை. நேரம்தான் இதில் உயிர்: 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும், ஏனென்றால் தமனி விரியும் வேலை நடப்பது அப்போதுதான். ஏழாவது மாதம் பிரஷர் ஏறிய பிறகு ஆரம்பித்து எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. நாள் தவறாமல் போடுவதும் முக்கியம். இடையிடையே விட்டவர்களுக்குப் பலன் குறைவு. முன்பு பிரீ-எக்லாம்ப்சியா வந்தவர், இரட்டைக் கரு, பழைய பிரஷர், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், லூபஸ்: இதில் ஒன்றே போதும், டாக்டரிடம் ஆஸ்பிரின் பற்றிக் கேட்க. முதல் கர்ப்பம், 35 வயதுக்கு மேல், உடல் பருமன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருப்பது, பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலும் கேட்க வேண்டும். ஆஸ்துமா, அல்சர், ரத்தக்கசிவு உள்ளவர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

உணவில் கால்சியம் குறைந்த ஊர்களில் தினம் 1.5 முதல் 2 கிராம் கால்சியம் என்பது பழைய பரிந்துரை. பெங்களூரிலும் தான்சானியாவிலும் நடந்து 2024-இல் வெளியான பெரிய ஆய்வில் 500 மி.கி. அதற்குச் சளைக்கவில்லை. மூன்று மாத்திரைக்குப் பதில் ஒன்று என்றால் விடாமல் சாப்பிடுவது எளிது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நோய் வருமா என்று சந்தேகம் வந்தால் எதிர்ப்புச் செல் டெஸ்டைவிட எஸ்-ஃப்ளிட்-1-க்கும், நஞ்சுக்கொடி சுரக்கும் வளர்ச்சிக் காரணியான பி.எல்.ஜி.எஃப்.-க்கும் உள்ள விகிதம் பயன்படும். 2016-இல் வெளியான ஆய்வில் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வரவில்லை. 'இல்லை' என்று சொல்வதில்தான் அதற்கு வலு. 38-க்கு மேல் வந்தால் நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை.

வீட்டில் பிரஷர் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பருத்த கைக்குச் சின்ன பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும். 160/110 வந்தால் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்கக் கூடாது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிரஷரை இறக்கும் லேபெடலால் அல்லது நிஃபெடிபின் உள்ளே போக வேண்டும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட். 2002-இல் வெளியான, சுமார் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு அது வலிப்பைப் பாதிக்கும் மேல் குறைப்பதைக் காட்டியது. அது எதிர்ப்புச் செல்களைத் திருத்துவதற்கான மருந்து அல்ல, மூளையைக் காக்கும் மருந்து. ஒவ்வொரு டோஸுக்கும் முன் முழங்கால் தட்டிப் பார்ப்பது, மூச்சை எண்ணுவது, சிறுநீர் மணிக்கு 30 மி.லி. வருகிறதா என்று பார்ப்பது மூன்றும் கட்டாயம். சிறுநீர் நின்றால் மருந்து உடம்பிலேயே தேங்கி முதலில் முழங்கால் துள்ளல் போகும், பிறகு மூச்சு. அதனால்தான் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஊசியைக் கட்டில் அருகிலேயே வைத்திருப்பார்கள்.

நஞ்சுக்கொடி வந்த மறுநாளே எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். எஸ்-ஃப்ளிட்-1 சில நாளில் இறங்கும். ஆஞ்சியோடென்சின் ஏற்பியை 'ஆன்' செய்யும் அந்த ஆன்டிபாடி சிலரிடம் ஒன்றரை வருடம் கழித்தும் இருந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் பிரஷர் உச்சத்துக்குப் போவது மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை, பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு. அந்த வாரத்தில் தினமும் அளந்து எழுதி வையுங்கள். தலைவலியை 'தூக்கமில்லாததால்' என்று தள்ளிவிடாமல் உடனே பிரஷர் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனையாவது வாரத்தில் நோய் வந்தது, உச்ச பிரஷர் எவ்வளவு, தட்டணு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பத்தில் 12-ஆம் வாரம் ஆஸ்பிரின் எழுதும் டாக்டருக்கு அந்த மூன்று விவரமும் வேண்டும்.